எடை இறங்காமல் நின்றுவிட்டால்

டயட்டில் இருக்கும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே கதைதான். முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ இறங்கும். அடுத்த சில மாதங்கள் வாரத்துக்கு அரைக் கிலோ, கால் கிலோ என்று குறையும். பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே தள்ளிப் போட்டாயிற்று, சுடிதாரைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தாயிற்று. ஐந்தாவது ஆறாவது மாத வாக்கில் எடை மெஷின் அதே எண்ணைத் திரும்பத் திரும்பக் காட்ட ஆரம்பிக்கும். "அதே சாப்பாடுதான், அதே வாக்கிங்தான், ஆனா வெயிட் மட்டும் இறங்கவே மாட்டேங்குது" என்ற புலம்பல் அப்போது தொடங்கும்.

இந்த இடத்துக்கு வந்ததும் சிலர் வெறுத்துப்போய் பழைய சாப்பாட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள். சிலர் இருப்பதையும் குறைத்து வெள்ளரிக்காயும் மோருமாக நாளை ஓட்டுகிறார்கள். இன்னும் சிலர் இந்த டயட் நமக்கு ஒத்துவரவில்லை என்று பேலியோ, கீட்டோ, கொள்ளுத் தண்ணீர் என்று அடுத்ததற்குத் தாவுகிறார்கள். மூன்றுமே அவசரம். எடை நிற்பதற்கு இரண்டு பங்காளிகள் உண்டு. ஒன்று உடம்பு, மற்றது கரண்டி. உடம்பின் பங்கு நாம் நினைப்பதைவிடச் சிறியது. கரண்டியின் பங்கு நினைப்பதைவிடப் பெரியது. எது எவ்வளவு என்று பார்த்துவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பது தானாகவே விளங்கும்.

அதற்கு முன்னால், எடை உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பார்க்கவேண்டும்.

முதல் வாரத்தில் இறங்கிய இரண்டு கிலோவில் கொழுப்பு கொஞ்சம்தான். சோற்றிலும் இட்லியிலும் வரும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கிளைக்கோஜன் என்ற பொருளாக மாற்றி ஈரலிலும் தசைகளிலும் வைத்துக்கொள்கிறது. மொத்தமே அரைக் கிலோ அளவுதான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்தே இருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும், குறிப்பாகச் சோற்றைக் குறைத்ததும், இந்த இருப்பு கரைகிறது. அதோடு தண்ணீரும் வெளியேறுகிறது. பேலியோ தொடங்கியவர்கள் "பத்தே நாளில் மூன்று கிலோ" என்று சொல்வது பொய்யில்லை. எடை குறைந்தது உண்மைதான், குறைந்ததில் பெரும்பகுதி தண்ணீர். அந்த வேகத்தையே அளவாக வைத்துக்கொண்டால் பிறகு வரும் எந்த மாதமும் மந்தமாகத்தான் தெரியும்.

தண்ணீர் இன்னொரு வேலையும் செய்யும். கொழுப்பு குறைவதை மறைக்கும். தினமும் தேவையைவிட 400 கலோரி குறைவாகச் சாப்பிடுகிறவருக்கு வாரத்தில் கரையும் கொழுப்பு 360 கிராம் அளவில்தான் இருக்கும். உடம்பில் தண்ணீரின் ஏற்ற இறக்கமோ ஒரே நாளில் ஒரு கிலோ, ஒன்றரை கிலோ வரை போகும். சுமார் 9 கிராம் உப்பு ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்துவைக்கும். முந்தின நாள் கல்யாணப் பந்தியில் அப்பளம், ஊறுகாய், வற்றல் குழம்பு என்று ஒரு பிடி பிடித்திருந்தால் காலையில் மெஷின் கூடுதலாகத்தான் காட்டும். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் உடம்பு நீர் கோர்த்துக்கொள்ளும். புதிதாக ஜிம்முக்குப் போனாலும், தசை வலி இருக்கும் நாட்களில் அங்கே நீர் சேரும். மலச்சிக்கலும் தன் பங்குக்கு அரைக் கிலோ காட்டும். ஆகவே இரண்டு வாரம், மூன்று வாரம் முள் அசையவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யமுடியாது.

காலையில் எழுந்து, கழிப்பறைக்குப் போய்வந்து, காபிக்கு முன்னால், அதே மெஷினில், அதே மாதிரி உடையில் எடை பாருங்கள். மெஷினைப் பாய்மேலோ கார்ப்பெட்மேலோ வைக்காமல் வெறும் தரையில் வையுங்கள். தினம் பார்த்து வாரச் சராசரியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் பார்த்தால் மனசு கெட்டுப்போகும் என்பவர்கள் வாரம் ஒருமுறை, அதே கிழமையில் பார்க்கலாம். கூடவே தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றி டேப் வைத்து அளந்து எழுதுங்கள். பெண்கள் ஒரு மாதவிலக்கிலிருந்து அடுத்த மாதவிலக்குக்கு ஒப்பிடவேண்டும். இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். நான்கு முதல் ஆறு வாரம் சராசரி எடையும் அசையவில்லை, இடுப்பும் குறையவில்லை என்றால்தான் எடை நின்றுவிட்டது என்று அர்த்தம். அதுவரை செய்ததையே செய்துகொண்டிருங்கள்.

சரி, நிஜமாகவே நின்றுவிட்டது. இப்போது உடம்பின் பங்கைக் கணக்குப் போடலாம். விளக்கத்துக்காக ஒருவரை எடுத்துக்கொள்வோம். 42 வயதுப் பெண். உயரம் 158 சென்டிமீட்டர். தொடங்கும்போது எடை 78 கிலோ. அலுவலகத்தில் உட்கார்ந்த வேலை, வீட்டிலும் வேலை உண்டு. இப்படிப்பட்டவருக்கு எடை மாறாமல் இருக்க ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1950 கலோரி வேண்டும். ஆளுக்கு ஆள் இருநூறு முன்பின் இருக்கும், பரவாயில்லை. அவர் 1500 கலோரி என்று திட்டமிட்டுச் சாப்பிட்டு 70 கிலோவுக்கு வந்துவிட்டார். அங்கே நின்றுவிட்டது.

எடை குறைந்தால் உடம்பின் தேவையும் குறையும். 78 கிலோவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவதற்கும் 70 கிலோவைத் தூக்கிக்கொண்டு ஏறுவதற்கும் செலவு ஒன்றாக இருக்காது. இதோடு உடம்பு கொஞ்சம் சிக்கனமும் பிடிக்கிறது. நியூயார்க்கில் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்து மருத்துவமனையில் ஆட்களைத் தங்கவைத்துச் சாப்பாட்டை அளந்து கொடுத்து லீபல், ரோசன்பாம், ஹிர்ஷ் ஆகியோர் செய்த ஆய்வு 1995-இல் வெளியானது. எடையில் 10 சதவீதம் குறைந்தவர்களின் உடம்பு, அந்த எடைக்கு எதிர்பார்க்கக்கூடிய அளவைவிடவும் குறைவாகவே சக்தியைச் செலவழித்தது என்று அவர்கள் காட்டினார்கள். நம்மை அறியாமலே கையையும் காலையும் ஆட்டுவதைக்கூடக் குறைத்துக்கொள்கிறோம். எழுந்துபோய் எடுக்கவேண்டியதை "அதைக் கொஞ்சம் எடு" என்று மற்றவரிடம் சொல்கிறோம். எல்லாம் சேர்த்து, இறங்கிய ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு நாள் தேவை 20 முதல் 30 கலோரி குறைகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் பெண் 8 கிலோ குறைந்திருக்கிறார். தேவை 200 கலோரி அளவில் குறைந்திருக்கும். 1950 இப்போது 1750. ஆனால் அவர் சாப்பிடுவதாகச் சொல்வது 1500. அப்படியானால் இன்னும் தினம் 250 கலோரி பற்றாக்குறை இருக்கிறது. மாதம் ஒரு கிலோ வீதம் இறங்கிக்கொண்டிருக்கவேண்டும். இறங்கவில்லை. அப்படியென்றால் உண்மையில் வயிற்றுக்குள் போவது 1750-க்குப் பக்கத்தில். இதில் தப்பிக்க வழியில்லை. நின்றுபோன எடையே அவர் எவ்வளவு சாப்பிடுகிறார் என்பதற்குச் சாட்சி.

"ரொம்பக் கம்மியா சாப்பிட்டா உடம்பு பட்டினி மோடுக்குப் போயிடும், கொழுப்பைப் பிடிச்சு வச்சுக்கும்" என்று ஜிம்மிலும் வாட்ஸாப்பிலும் சொல்வார்கள். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். மனச்சாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்தவர்கள் அவர்கள். ஆறு மாதம் பாதி வயிற்றுச் சாப்பாடு. எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஓய்வில் உடம்பு செலவழிக்கும் சக்தி சுமார் 40 சதவீதம் சரிந்தது. கணுக்கால் வீங்கி நீர் கோர்த்துக்கொண்டது. நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு, எரிச்சல், சோர்வு. சிலர் உட்கார்ந்து சமையல் புத்தகம் படித்தார்கள். உடம்பு சிக்கனம் பிடித்தது உண்மை. ஆனால் பட்டினியால் யாருக்கும் கொழுப்பு கூடவில்லை, எலும்பும் தோலுமாகத்தான் ஆனார்கள். பட்டினி மோடு என்பது எடை இறங்கும் வேகத்தைக் குறைக்கும். அதனால் மட்டும் எடை மாதக்கணக்கில் நின்றுவிடாது.

மீதி 250 கலோரி எங்கிருந்து வருகிறது? கரண்டியிலிருந்து.

1992-இல் நியூயார்க்கில் ஸ்டீவன் ஹேம்ஸ்ஃபீல்ட் குழுவினர், "1200 கலோரிக்கும் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், எந்த டயட்டுக்கும் எடை இறங்குவதில்லை" என்று வந்த பத்துப் பேரைப் பரிசோதித்தார்கள். உடம்பு எரிக்கும் சக்தியை நேரடியாக அளக்கும் ஒரு வகைத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, அவர்கள் எழுதிவந்த சாப்பாட்டுக் குறிப்போடு ஒப்பிட்டார்கள். உடம்பு எரித்த அளவில் குறையே இல்லை. சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். உடற்பயிற்சியை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய்யர்கள் இல்லை. உண்மையாகவே அப்படி நம்பினார்கள். நம் எல்லோருக்கும் பொருந்துவதுதான்.

ஒரு தோசையைப் பாருங்கள். மாவு எவ்வளவு என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். "ரெண்டே தோசைதான்." சுற்றிலும் விடும் எண்ணெயை யாரும் எண்ணுவதில்லை. அளந்து விட்டால் ஒரு டீஸ்பூனுக்கு 40, 45 கலோரி. எண்ணெய்க் கிண்ணத்திலிருந்து கண்ணளவாக விட்டால் சாதாரணமாக அதைப்போல இரண்டு மடங்கு விழும். டயட் தொடங்கிய மாதத்தில் ஸ்பூனால் விட்டவர்கள் ஐந்தாவது மாதத்தில் கண்ணளவுக்குத் திரும்பியிருப்பார்கள். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி. அதில் 25 கிராம் தேங்காய் உங்கள் பங்குக்கு வந்தால் 90 கலோரி. பிள்ளை தட்டில் மிச்சம் வைத்த அரைத் தோசையைக் குப்பையில் போட மனசு வராது. குழம்புக்கு உப்புப் பார்க்க ஒரு கரண்டி. டி.வி. பார்த்துக்கொண்டே ஒரு கைப்பிடி வேர்க்கடலை; 30 கிராம் இருந்தால் 170 கலோரி. நல்ல பொருள்தான், யார் இல்லை என்றது, ஆனால் கலோரி கலோரிதான். காபியும் அப்படி. ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட் பாலில் 6 சதவீதம் கொழுப்பு, நீலத்தில் 3. ஆரஞ்சுப் பாலை 100 மில்லி விட்டு இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட காபி 130 கலோரிக்கு வந்துவிடும். தினம் இரண்டு என்று நினைத்துக்கொண்டு மூன்று குடிப்பவர்கள் ஏராளம்.

வீட்டு எண்ணெயைப் பிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. மளிகை பில்லை எடுத்துப் பாருங்கள். எல்லா எண்ணெயும் நெய்யும் சேர்த்து மாதம் எத்தனை லிட்டர்? வீட்டில் எத்தனை பேர்? நான்கு பேருக்கு நான்கு லிட்டர் என்றால் தலைக்கு ஒரு லிட்டர். ஒரு லிட்டர் எண்ணெயில் 8000 கலோரிக்கு மேல் இருக்கிறது. முப்பதால் வகுத்தால் ஆளுக்குத் தினம் 270. மூன்று லிட்டரில் மாதத்தை ஓட்டினால் சோற்றில் ஒரு பருக்கை குறைக்காமலே ஆளுக்குத் தினம் 70 கலோரி மிச்சம். இரண்டு லிட்டர் போதும் என்றாக்கினால் 135. யாருடைய தட்டையும் எட்டிப்பார்க்க வேண்டாம், பில் சொல்லிவிடும்.

அடுத்தது வாரக் கடைசி. திங்கள் முதல் வெள்ளி வரை ஒழுங்காக இருப்பவர்களைத்தான் இது அதிகம் பிடிக்கும். தினம் 250 கலோரி பற்றாக்குறை என்றால் வாரத்துக்கு 1750. சனி, ஞாயிறு இரண்டு நாளும் 875 கலோரி கூடுதலாகப் போனால் கணக்கு பூஜ்யம். ஒரு பிரியாணி மதியமும் மாலைக் காபியோடு நாலு பஜ்ஜியும் இதைச் சத்தமில்லாமல் முடித்துவிடும். "வாரத்தில் அஞ்சு நாள் டயட்டில் இருக்கேன், அப்படியும் இறங்கலை" என்பவருக்குப் பதில் அந்த இரண்டு நாளில் இருக்கிறது. சனிக்கிழமை ஒருபொழுது இருந்துவிட்டு ராத்திரி ஆறு இட்லியும் வெங்காய ஊத்தப்பமுமாகப் பலகாரம் சாப்பிடும் விரதத்தையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். சாமிக்கு அது கணக்கில் வரலாம், எடை மெஷினுக்கு வராது.

சரி, கரண்டி ஏன் இப்படித் தளர்கிறது? சோம்பேறித்தனம், மன உறுதியில்லை என்று திட்டிக்கொள்வதில் பயனில்லை. இதற்கு உடம்பில் காரணம் இருக்கிறது. கொழுப்புத் திசுவிலிருந்து லெப்டின் என்ற ஹார்மோன் சுரந்து, இருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறையும்; வயிற்றிலிருந்து பசியைத் தூண்டும் கிரெலின் கூடும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் எடை குறைத்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளியான ஆய்வில், ஒரு வருடம் கழித்தும் இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, பசியும் கூடுதலாகவே இருந்தது என்று தெரிந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு 2016-இல் போட்ட கணக்கு இன்னும் தெளிவானது. இறங்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பின் செலவு 20, 30 கலோரிதான் குறைகிறது. பசியோ தினம் 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. எட்டுக் கிலோ இறங்கியவரை உடம்பு தினமும் 800 கலோரி கூடுதலாகச் சாப்பிடச் சொல்லி இழுத்துக்கொண்டிருக்கிறது. அதில் 550-ஐத் தாக்குப்பிடித்து 250-இல் வழுக்கியவரைப் பார்த்து மன உறுதி இல்லாதவர் என்று யார் சொல்வது?

சொல்லப்போனால் எந்த முறையில் எடை குறைத்தாலும் ஒருநாள் நிற்கத்தான் செய்யும். பசியை அடக்கும் செமாக்ளூடைட் ஊசி போட்டுக்கொண்டவர்களை 68 வாரம் கவனித்த பெரிய ஆய்வில் சராசரியாக 15 சதவீதம் எடை இறங்கியது. கடைசி வாரங்களில் கோடு படுத்துவிட்டது. வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் ஓரிரு ஆண்டில் நிற்கிறது. அவர்களைவிட நமக்குச் சீக்கிரம் நிற்கிறது, அவ்வளவுதான்.

இனி என்ன செய்வது? ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், எதையும் மாற்றாமல் எல்லாவற்றையும் அளந்து எழுதுங்கள். சனி, ஞாயிறு கட்டாயம் சேரவேண்டும். சமையலறைத் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அரிசியை உலைக்குப் போடுமுன் எடை போடுங்கள். வடித்த சோறு தண்ணீரைப் பொறுத்து மாறும், அரிசி மாறாது. எண்ணெயை ஸ்பூனால் மட்டும் விடுங்கள். பிள்ளையின் மிச்சம், ருசி பார்த்தது, பிரசாதம், ஆபீசில் யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த கேக் எல்லாம் வாயில் போடுமுன் எழுதப்படவேண்டும். இந்த ஒரு வாரம் முடிவதற்குள் பாதிப் பேருக்குத் தங்கள் 250 எங்கே என்று தெரிந்துவிடும் என்பது என் துணிபு. ஆயுள் முழுக்க இப்படி எழுதிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

பிறகு 150, 200 கலோரியை ஏதாவது ஒரு இடத்தில் குறையுங்கள். எங்கே குறைப்பது என்பதில் என் வாக்கு எண்ணெய்க்கும் மாலை நொறுக்குத்தீனிக்கும் சர்க்கரைக்கும்தான். சோறு அதற்குப் பிறகு. நம் ஊரில் இது தலைகீழாக நடக்கிறது. முதலில் ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டுச் சப்பாத்திக்குப் போகிறார்கள். 100 கிராம் அரிசியிலும் 100 கிராம் கோதுமை மாவிலும் கலோரி ஏறக்குறைய 350-ஐ ஒட்டியேதான் இருக்கிறது. எண்ணெய் தடவிச் சுட்ட நான்கு சப்பாத்திக்குக் குருமா தொட்டுச் சாப்பிடுகிறவர், ஒரு கப் சோறும் ரசமும் சாப்பிட்டவரைவிட அதிகம் சாப்பிட்டிருப்பார். சிறுதானியமும் இதே கணக்குதான். கம்பு, தினை, சாமை எதுவும் கலோரியில் அரிசிக்குப் பெரிதாகக் குறைந்ததில்லை. அவற்றில் நார்ச்சத்து அதிகம், வயிறு கொஞ்சம் சீக்கிரம் நிறையும், அந்த அளவில் நல்லது. "சாமைச் சோறுதானே" என்று இரண்டாவது முறை போட்டுக்கொண்டால் அந்த நன்மை போயிற்று. காலையில் வெந்நீரில் தேன் விட்டுக் குடிப்பதும் கொழுப்பைக் கரைக்காது. ஒரு பெரிய ஸ்பூன் தேனுக்கு 60 கலோரி சேரும்.

சோற்றைக் குறைப்பதைவிட முக்கியம் புரதத்தைக் கூட்டுவது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொன்னவர்கள் ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். கொள்ளில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம். புரதம் பசியை மற்ற சத்துகளைவிட நன்றாக அடக்கும், எடை குறையும்போது தசை கரையாமலும் காக்கும். ஆனால் கொள்ளை வேகவைத்த தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுக் கொள்ளைத் தூரக் கொட்டினால் பலன் பயறோடு போய்விடும். சாப்பிடவேண்டியது பயறைத்தான். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு கிலோ உடல் எடைக்குத் தினம் 0.83 கிராம் புரதம் என்கிறது. 70 கிலோ என்றால் 58 கிராம். எடை குறைக்கும் காலத்தில் இன்னும் கொஞ்சம் கூட, 70, 80 கிராம் வரை, எடுத்துக்கொள்வது நல்லது. சாம்பாரில் வரும் பருப்பை நம்பினால் இதில் பாதியைத் தொடுவதே கஷ்டம். முட்டைக்கு 6 கிராம், 100 கிராம் மீனுக்கு 20 கிராம் அளவில், 50 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டல் செய்தால் 10 கிராம், மீல்மேக்கர் உலர்ந்தது 50 கிராமுக்கு 25. சைவக்காரர்களுக்கு இதில் மெனக்கெடல் அதிகம் என்பது உண்மை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

வாக்கிங் பற்றியும் கொஞ்சம். 70 கிலோ ஆள் ஒரு கிலோமீட்டர் நடந்தால் 50 கலோரி அளவு செலவாகும். மூன்று கிலோமீட்டர் நடந்து 150 கலோரி செலவழித்துவிட்டு, பார்க் வாசலில் ஒரு வடையும் டீயும் சாப்பிட்டால் கணக்கு நேர். நடப்பதன் அருமை வேறு இடத்தில் இருக்கிறது: சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கம், மனசு எல்லாவற்றுக்கும் நல்லது, குறைத்த எடை திரும்பாமல் காக்கவும் உதவும். எடை நின்றுபோன ஆளுக்கு நான் சேர்க்கச் சொல்வது வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கான பயிற்சி. ஜிம் வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது போதும். இதைத் தொடங்கிய மாதம் மெஷினில் எடை குறையாமல் இடுப்பு மட்டும் குறையலாம். அது வெற்றிதான்.

தூக்கத்தை யாரும் டயட்டில் சேர்ப்பதில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2010-இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்று: அதே ஆட்கள், அதே குறைந்த சாப்பாடு, இரண்டு வாரம் எட்டரை மணி நேரப் படுக்கை, இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரம். இரண்டு முறையும் எடை ஏறக்குறைய ஒரே அளவு இறங்கியது. தூக்கம் குறைந்த நாட்களிலோ கரைந்த கொழுப்பு பாதிக்கும் கீழே. மீதியெல்லாம் தசை முதலானவை. ராத்திரி பன்னிரண்டு மணி வரை போனைப் பார்த்துவிட்டுக் காலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்து வாக்கிங் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

செய்யக்கூடாதது: ஒரே அடியாக 800 கலோரிக்கு இறங்குவது. பசி இன்னும் கூடும், தசை கரையும், முடி கொட்டும். வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் இறங்கினால் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது. கொழுப்பைக் கரைக்கும் பொடி, டப்பா மாத்திரை, டீடாக்ஸ் ஜூஸ் எதற்கும் காசைக் கொட்டவேண்டாம்.

சிலருக்கு மருத்துவக் காரணம் இருக்கும். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள், வலிப்புக்குக் கொடுக்கும் வால்புரோயேட் போன்றவை எடையைக் கூட்டும். அவற்றை நீங்களாக நிறுத்திவிடக்கூடாது. மாற்று உண்டா என்று டாக்டரைக் கேட்கலாம். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் மருந்தின் அளவைச் சரிசெய்யாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் தாழ்சர்க்கரையில் மயங்கி விழ நேரும். தைராய்டு குறைபாட்டையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். ஆனால் தைராய்டு கூட்டும் எடை பொதுவாக இரண்டிலிருந்து ஐந்து கிலோவுக்குள்தான். அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். பதினைந்து கிலோவுக்குத் தைராய்டைக் குற்றம் சொல்லமுடியாது.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் திருத்திக்கொள்ளவேண்டும். ஒரு கிலோ கொழுப்புக்கு 7700 கலோரி. தினம் 250 குறைத்தால் மாதம் ஒரு கிலோ, வருடத்துக்குப் பன்னிரண்டு, இரண்டு வருடத்தில் இருபத்துநான்கு என்று நேர்கோட்டில் கணக்குப் போடுகிறோம். அப்படி நடக்காது, ஏனென்றால் இறங்க இறங்கத் தேவையும் இறங்குகிறது. ஹாலும் அவரது கூட்டாளிகளும் 2011-இல் லான்செட் இதழில் கொடுத்த கணக்கின்படி, தினம் 240 கலோரியை நிரந்தரமாகக் குறைத்தால் கடைசியில் 10 கிலோ இறங்கும். அதில் பாதிக்கு ஒரு வருடம் ஆகும். ஏறக்குறைய முழுதும் வர மூன்று வருடம். மெதுவான கணக்குதான். ஆனால் தினம் இரண்டு ஸ்பூன் எண்ணெயும் ஒரு காபியும் ஒரு கைப்பிடி மிக்சரும் விட்டால் போதும் என்று சொல்கிற கணக்கும் அதுவே.

சில பேர் நிற்கும் இடத்திலேயே நிற்பது நல்லது. இந்தியர்களுக்குப் பி.எம்.ஐ. 23-க்குக் கீழும், இடுப்பு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80-க்கும் கீழும் இருக்கவேண்டும் என்பது பொதுவான அளவு. அதற்கு இன்னும் தூரம் இருந்தாலும், தொடங்கிய எடையில் 5 முதல் 10 சதவீதம் இறங்கியிருந்தாலே சர்க்கரை, ரத்த அழுத்தம், ஈரல் கொழுப்பு எல்லாம் குறையத் தொடங்கிவிடும். நம் 78 கிலோப் பெண் 8 கிலோ குறைத்து அந்தப் பத்து சதவீதத்தை எட்டிவிட்டார். களைத்துப்போயிருந்தால் அவர் இரண்டு மூன்று மாதம் 70-ஐ ஏறாமல் காப்பாற்றிவிட்டு மறுபடி தொடங்கலாம். ஏறாமல் வைத்திருப்பதும் வேலைதான், இறக்குவதைவிடக் கஷ்டமான வேலை.

எடை மெஷினே எல்லாம் என்று நினைப்பவர்களுக்குச் சென்னையிலேயே ஒரு சான்று உண்டு. சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டத்தில் இருந்த 531 பேரை வைத்து டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளியானது. சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்குபடுத்திக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது, எதுவும் செய்யாதவர்களோடு ஒப்பிட்டால், 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடை குறிப்பிடும்படி இறங்கவே இல்லை.